குகை வாசலில் நின்றவள்

என் தோழிக்கு,

இன்று காலை பார்சலைப் பிரித்ததும் புது அச்சு மையின் வாசனை முகத்தில் அடித்தது. நம் குகைக் கதையின் இரண்டாம் பாகம் வந்துவிட்டது! யார் முதலில் படிப்பது என்று சண்டை போட நீ இல்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன்.

தேரடி வீதி ஜவுளிக்கடையில் நாம் சேலைப் பிரிவில் வேலை பார்த்தபோது, மதியச் சாப்பாட்டு நேரத்தில் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து நீ உரக்கப் படிப்பாய். அதுவரை சாகசக் கதை என்றாலே எனக்கு எரிச்சல்தான். அதில் வருகிறவர்களுக்குப் பயம் என்றால் என்னவென்றே தெரியாது. எனக்கோ நாலு பேர் என்னையே பார்த்தால் போதும், விரல் நுனி மரத்துப்போகும்.

அந்தக் கதையில், காணாமல்போன தம்பியைத் தேடி ஒருத்தி குகைக்குள் இறங்க வேண்டும். வாசலில் அவளுக்கும் விரல் மரத்துப்போகிறது. கயிற்றைப் பிடிக்க முடியாமல் திரும்பி ஓடிவிடுகிறாள். மறுநாள் மறுபடி வருகிறாள். வாந்தி எடுக்கிறாள். வாயைத் துடைத்துக்கொண்டு இறங்குகிறாள்.

நீ புத்தகத்தை மடியில் போட்டுவிட்டுக் கத்தினாய்: "ஏய், இவ நீயேதான்டி!"

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. என்னைப் பற்றி யாரோ எழுதியிருக்கிறார்கள்! அதற்குள் சூப்பர்வைசர் கூப்பிட்டுவிட்டார். சாயங்காலம் வரை சேலை மடித்துக்கொண்டே, "கயிறு அறுந்துடுமா? தம்பி உசுரோட இருப்பானா?" என்று கிசுகிசுத்துக்கொண்டிருந்தோம்.

அடுத்த மாதமே வேங்கிக்காலில் ஓர் அலுவலகத்தில் எனக்கு நேர்காணல். அதற்கு முன் ஒரு நேர்காணலுக்கு வாசல் வரை போய்த் திரும்பியவள் நான். இந்த முறை நீ லீவு போட்டுவிட்டு உடன் வந்தாய். பஸ்ஸை விட்டு இறங்கியதுமே உன் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"வீட்டுக்குப் போயிடலாம்," என்றேன்.

"போலாம். பயம் ஜாஸ்தியா இருக்குதா?"

"ஜாஸ்திதான்."

"அவளுக்கு மட்டும் கம்மியாவா இருந்துச்சு? பயந்துக்கினே போடி. நான் இங்கியே நிக்கறேன்."

புங்க மரத்தடியில் வாந்தி எடுத்தேன். நீ தண்ணீர் பாட்டிலை நீட்டி, "கதையில வர்ற மாதிரியே பண்றியே!" என்றாய். இருவரும் சிரித்துவிட்டோம். உள்ளே போனேன். குரல் நடுங்க நடுங்கப் பதில் சொன்னேன். வேலை கிடைத்தது. மறுவருஷ மழைக்காலத்தில் ஒரு காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது.

புதுப் புத்தகத்தில் முதல் அத்தியாயத்தை நின்றுகொண்டே படித்துவிட்டேன். அவளுக்கு இன்னும் பயம் போகவில்லையடி! இப்போது தம்பியின் தடயத்தை ஆற்றில் மூழ்கித் தேட வேண்டும், கரை வரை போய்த் திரும்பி ஓடுகிறாள். சந்தோஷத்தில் உன்னைக் கூப்பிடத் திரும்பிவிட்டேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூட்டத்துக்குப் பயந்து இத்தனை வருஷம் போகாத கிரிவலத்துக்கு, கடந்த பௌர்ணமியன்று தனியாகப் போனேன். அடி அண்ணாமலை அருகே கூட்டம் நெருக்கியதில் மூச்சு முட்டியது. ஒரு கடையோரம் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாம்மா ஆச்சு? ஆட்டோ கூப்பிடட்டா?" என்று கேட்டார் கடைக்காரம்மா.

"வேணாங்க. கூட்டத்தைப் பார்த்தா பயமா இருக்குது. கொஞ்ச நேரத்துல நடந்துடுவேன்."

முன்பென்றால் தலைவலி என்று பொய் சொல்லியிருப்பேன். பயத்தைப் பயம் என்றே வாய்விட்டுச் சொல்ல உன்னிடம்தான் பழகினேன். அந்தப் பழக்கம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

அப்புறம் எழுந்தேன். மலையை முழுசாகச் சுற்றி வந்தேன்.