நான் சொன்னதும் நீ எழுதியதும்

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், என் இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக முனகிக்கொண்டிருக்கிறது. அங்கே நீயும் வீட்டில் உள்ளவர்களும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். கையெழுத்தைப் பார்த்து யாருடையது என்று யோசிக்காதே, என்னுடையதுதான். எழுபத்திரண்டு வயதில் உன் அப்பா எழுதுகிற முதல் கடிதம் இது. நான்கு நாளாக எழுதுகிறேன், ஒரு நாளைக்கு ஒரு பக்கம்தான் நகர்கிறது, 'ழ' வருகிற இடத்தில் எல்லாம் நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறேன்.

நூலகத்தின் பின்னறையில் நடக்கும் வகுப்புக்கு நான் பத்து மாதமாகப் போகிறேன் என்று உன் அம்மா போனில் சொல்லியிருப்பாள். இப்போது கண்ணில் பட்டதை எல்லாம் படிக்காமல் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மருந்துப் புட்டி, சோப்பு உறை, பஸ்ஸின் நெற்றி, ஒன்றையும் விடுவதில்லை. போன வாரம் லிஃப்டுக்குள் ஒட்டியிருந்த 'ஆறு பேருக்கு மேல் ஏறக் கூடாது' என்பதைப் படித்து முடிப்பதற்குள் எங்கள் மாடி வந்து, கதவு திறந்து, மூடி, நான் திரும்பவும் கீழேயே போய்ச் சேர்ந்தேன். வாசலில் நின்று பார்த்த உன் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். இந்தச் சந்தோஷத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் பார்த்தேன், மனசு விடவில்லை. போனில் உன்னிடம் சொல்லலாம் என்றால், நான் எடுத்ததும் "சாப்டீங்களாப்பா, சரி, அம்மாகிட்ட குடுங்க" என்கிறாய். இத்தனை வருஷமாக எனக்குக் கிடைப்பது அவ்வளவுதான். அது ஏன் என்று நான் கேட்டுக்கொண்டதே இல்லை. இப்போது தெரிந்துவிட்டது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் சலவை ஆலையில் சூப்பர்வைசராக இருந்தது உனக்குத் தெரியும், எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது அங்கே ஒருவருக்கும் தெரியாது என்பதும் உனக்குத் தெரியும். சனிக்கிழமைதோறும் வேலையாட்களைப் பற்றி மேனேஜருக்கு ரிப்போர்ட் கொடுக்க வேண்டும். நிதானமாக எழுத வேண்டும் என்று சாக்குச் சொல்லி நோட்டை வீட்டுக்குக் கொண்டுவருவேன், சமையலறை மேஜையில் நீ கார்பன் தாள் வைத்து உட்காருவாய், நான் நடந்துகொண்டே சொல்வேன். அப்போது உனக்குப் பதினோரு வயது. சொல்லி முடித்ததும் படித்துக் காட்டு என்பேன், நீ கடகடவென்று படிப்பாய், நான் சொன்னது ஒரு சொல் குறையாமல் வரும். மேல் தாளைக் கிழித்து மேனேஜரிடம் கொடுப்பேன், நகல் நோட்டிலேயே தங்கிவிடும். அந்த நோட்டுகள் எல்லாம் பரணில் பெட்டிக்குள் கிடந்தன. போன மாதம் எங்கள் டீச்சர், உங்கள் வீட்டில் இருப்பதில் ஏதாவது கொண்டுவந்து படியுங்கள் என்றார், நான் மார்பை நிமிர்த்திக்கொண்டு ஒரு நோட்டைத் தூக்கிக்கொண்டு போனேன், நான் சொல்ல என் மகள் எழுதியது என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

என் பக்கத்து இருக்கையில் யார் தெரியுமா, நம் ரோலரம்மா. ஈர விரிப்பை ஒரு பக்கம் விட்டால் மறுபக்கம் சூடாகத் தேய்த்துத் தள்ளுகிற ரோலர் மெஷினில் இருபது வருஷம் நின்றவர், அவரும் எழுத்துப் படிக்க வருகிறார். அவரைப் பற்றிய பக்கம் வந்தது. ரோலரின் தடுப்பு மூடி உடைந்திருக்கிறது, கை போய்விடும், சரி செய்யும் வரை மெஷினைத் தொட மாட்டேன் என்று அவர் நின்ற வாரம் அது. அன்றைக்கு நான் என்ன சொன்னேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "அது ஒரு வாயாடி, எடுத்ததுக்கெல்லாம் புலம்பல், பொம்பள புத்தி, கூட இருக்குறதுகளையும் கெடுத்துடும்" என்று சொன்னேன். அதை எதிர்பார்த்துக்கொண்டு, சிரிப்பு வரும் என்று தயாராகி, எழுத்துக் கூட்டிப் படிக்க ஆரம்பித்தேன். "ரோலரில் வேலை செய்பவர் மூடி உடைந்திருப்பதைக் கவனித்துச் சொன்னார். அவர் பயப்படுவது நியாயம். உடனே பார்க்க வேண்டும்" என்று வருகிறது. எனக்குப் படிக்கத்தான் தெரியவில்லை போல என்று மறுபடி விரலை வைத்துப் படித்தேன், அதேதான் வந்தது. வகுப்பே கை தட்டியது. ரோலரம்மா எழுந்து இரண்டு கையையும் விரித்துக் காட்டி, "மறுநாளே மூடிய மாத்துனாங்க, இந்தக் கை இருக்குதுன்னா சூப்பர்வைசர் சாராலதான்" என்று எல்லோரிடமும் சொன்னார். அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டு நான் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் எல்லா நோட்டையும் படித்தேன். முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது, முளைத்து மூன்று இலை விடாத வயசில் என்ன துணிச்சல், எழுதியது ஒன்று, எனக்குப் படித்துக் காட்டியது ஒன்று. நான் 'ராங்கி' என்றதை நீ 'தன் வேலையைத் தெரிந்தவர்' என்று எழுதியிருக்கிறாய். 'மினுக்கி' என்றதற்கு 'சுத்தமாக வருவார்'. 'ஆம்பளை மாதிரி உழைக்கும்' என்று பாராட்டாக நினைத்துத்தான் சொன்னேன், அதையும் நீ வெறும் 'நன்றாக உழைப்பார்' என்று வைத்திருக்கிறாய். பிறகுதான் சிரிப்பு நின்றது. மூடி உடைந்த அதே வாரம் பாய்லர்காரர் நீராவி கசிகிறது என்று என்னிடம் கத்தியிருக்கிறார், அவரை 'விவரமான ஆள், தைரியமாகப் பேசுவார்' என்று சொல்லியிருக்கிறேன், அதை நீ மாற்றாமல் எழுதியிருக்கிறாய். இரண்டு பேரும் செய்தது ஒரே காரியம். ஆண்களைப் பற்றி நான் சொன்னதில் உனக்குத் திருத்த ஒன்றுமே இருக்கவில்லை. பெண்களைப் பற்றிச் சொன்னதில் அப்படியே விடும்படி ஒரு வரி இல்லை. நான் கெட்டவன் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், யார் மேலும் கை நீட்டியதில்லை, எல்லோரும் பேசுகிறபடி பேசினேன். ஓய்வு பெற்றபோது கொடுத்த சுவர்க் கடிகாரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் இப்போதுதான் படித்தேன், 'தொழிலாளர் மேல் அக்கறை கொண்டவருக்கு' என்று இருக்கிறது. பத்து வருஷமாக உன் கடிகாரத்தில் நான் மணி பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் அம்மாவிடம் கேட்டேன், உனக்கு இது தெரியுமா என்று. "வீட்டுல எல்லாருக்கும் தெரியும், உங்களத் தவிர" என்று சொல்லிவிட்டுப் பால் பொங்குகிறது என்று போய்விட்டாள்.

கடைசி நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒரு நாள் காலையில் காபி குடித்துக்கொண்டே படித்தேன். அது நகல் இல்லை, பேனாவால் நேராக எழுதியது. "மகள். வயது பதினைந்து. வாசலில் நின்று பல்லைக் காட்டிச் சிரிக்கும். வாய் நீளம். ஆம்பளை மாதிரி நடக்கும். அடங்காது. போற வீட்டில் எனக்குக் கெட்ட பேர் வாங்கித் தரும்." காபி ஆறிப்போனது. கைப்பந்து ஆட்டத்தில் ஜெயித்துவிட்டு வந்து வாசலில் தோழிகளோடு நீ சிரித்துக்கொண்டிருந்த அந்தச் சனிக்கிழமை, அவர்கள் எதிரிலேயே நான் சொன்னது. நாற்பது பெண்களை 'அவர்' என்று எழுதிக் காப்பாற்றியவள், உன்னைப் பற்றி மட்டும் என் வாயில் வந்ததை ஒரு சொல் மாற்றாமல் எழுதி வைத்திருக்கிறாய். அதற்கு நல்லதாக ஒரு சொல் உனக்கு அகப்படவில்லையா, இல்லை, நான் சொன்னது உண்மை என்றே நம்பிவிட்டாயா. இதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை, கண்ணு. அடுத்த சனிக்கிழமை நோட்டை மேஜையில் வைத்தபோது, "இனிமே நீங்களே எழுதிக்கோங்கப்பா" என்று எழுந்துபோனாய். திமிர் என்று அதற்கும் ஒரு பெயர் வைத்தேன். அதன் பிறகு கண் சரியில்லை என்று பொய் சொல்லி, மேனேஜரிடம் வாயாலேயே சொல்லிவிட்டு வந்தேன்.

இதை மறைத்து வைக்க முடியாமல் வகுப்பில் எழுந்து சொன்னேன். ரோலரம்மா தன் நோட்டை மூடிவைத்தார். பிறகு, "அப்ப இத்தன வருஷமா நான் உங்களுக்கு வச்ச வணக்கமெல்லாம் உங்க பொண்ணோடதா? எல்லாத்தையும் எண்ணித் திருப்பிக் குடுங்க சார்" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வகுப்பில் ஒரு வாட்ச்மேன் இருக்கிறார், நல்ல மனிதர், என்னைத் தேற்றுவதாக நினைத்து, "விடுங்கண்ணே, வாயில வர்றதுதானே, பேச்சு காத்தோட போயிடும், இதுக்கெல்லாம் அர்த்தம் பார்க்க முடியுமா" என்றார். நானும் ஆயுள் முழுக்க அதைத்தான் சொல்லியிருப்பேன். ரோலரம்மா அவர் பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்தே சொன்னார், "உங்க பொண்ணு எழுதறத நிறுத்துன வருஷந்தான் மடிப்பு மேஜையில ரெண்டு பேர வீட்டுக்கு அனுப்புனாங்க. அடங்காதுங்கன்னு சொன்னாங்க. அது எந்தக் காத்துல வந்துச்சு சார்?" அந்த இரண்டு பேரின் முகம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர்கள் இருக்கும் இடத்தை ரோலரம்மாவிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை நேரில் போகிறேன். வாசலோடு திருப்பி அனுப்பினால் அதையும் வாங்கிக்கொள்ளத்தான் வேண்டும்.

எழுத்தில் ஒரு வசதி இருக்கிறது. பேசும்போது அந்தச் சொற்கள் வழுக்கிக்கொண்டு போய்விடும். 'வாயாடி' என்று எழுத எனக்கு ஒரு நிமிஷம் ஆகிறது, அந்த ஒரு நிமிஷமும் அது என்னைப் பார்க்கிறது. உன் அம்மாவின் பெயரை எழுதக் கற்றுக்கொண்டேன், நான்கே எழுத்து, கல்யாணமான நாளிலிருந்து 'இந்தா' என்றே கூப்பிட்டு வந்திருக்கிறேன். நேற்று அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். யாருக்கு என்ன ஆச்சு என்று பதறிக்கொண்டு ஓடிவந்தாள்.

உன் கடைசிப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் காலியாக இருந்தது. அதில் நான் எழுதி, இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கிழித்து இதனுடன் வைத்திருக்கிறேன். "மகள். வயது நாற்பத்தொன்று. உரக்கச் சிரிப்பார், அதைக் கேட்டு வெகு நாளாகிறது. பதினோரு வயதில் நாற்பது பேரின் மரியாதையைக் காப்பாற்றினார். தன்னைக் காப்பாற்ற ஆள் இல்லை, அது அவர் தவறு அல்ல. சூப்பர்வைசர் வெட்கப்படுகிறார்." பிழை இருந்தால் திருத்திக்கொள், கடைசி வரியை மட்டும் திருத்தாதே.

உனக்குக் கீழே முப்பது பேர் வேலை செய்கிறார்கள் என்று அம்மா சொன்னாள், அவர்களைப் பற்றி எழுதும்போது உன் பதினோரு வயதுக் கையாலேயே எழுது. குளிரில் காதை மூடிக்கொண்டு போ, வேலை மும்முரத்தில் பட்டினி கிடக்காதே. நீ நூறு வயது வாயாரச் சிரித்துக்கொண்டு இருக்க வேண்டும், எந்த வாசலிலும் நின்று. இது கிடைத்ததும் போன் செய், நான்தான் எடுப்பேன், உடனே அம்மாவைக் கேட்காதே. அந்த எதிர்ப்பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டு. இந்த முறை எழுதியிருப்பதை எழுதியபடி படி.

இப்படிக்கு,
நீ சொன்னபடி தானே எழுதிய
உன் அப்பா