ஆண்டாளில் தொடங்கி திருச்செந்தூர் வரை

செப்டம்பர் 15, திங்கள்

வெயில். மேற்கே மலைமேல் மட்டும் மேகம், ராஜபாளையத்துக்குள் ஒரு சொட்டு இல்லை. காலாண்டுப் பரீட்சை ஆரம்பம். பரீட்சை என்றாலும் பிள்ளைகளுக்கு மதியச் சோறு உண்டு, அதனால் எனக்கு லீவு கிடையாது. சாம்பாரில் உப்பு கூடிவிட்டது. சமையல்காரி பேச்சி சொல்கிறாள்: "பரீட்ச பயத்துல பிள்ளைகளுக்கு ருசி தெரியாதுக்கா."

பாத்திரம் கழுவி முடித்து, சத்துணவுக் கூடத்திலேயே உட்கார்ந்து பயணத் திட்டம். லீவு விட்டதும் 27 சனி விடிகாலை கிளம்பி, ஞாயிறு இரவு வீடு. பெண்கள் மட்டும். நான், பேச்சி, பக்கத்து வீட்டு சுசீலா, பேச்சி தெருவில் நாலு பேர்.

ஸ்ரீவி. ஆண்டாள் – முதலில். (வடக்கே போய்த் திரும்பணும், டீசல் வீண் என்கிறார் வேன்காரர். ஆண்டாளைப் பார்க்காமல் நான் கிளம்புவதாக இல்லை.)
சங்கரன்கோவில்
கிருஷ்ணாபுரம் – சிற்பங்கள்
நவ திருப்பதி – ஒன்பதும் முடியாது. நாலு?
தி.செந்தூர் – கடல். இரவு மடத்தில் படுக்கை.
மறுநாள் பாபநாசம், குற்றாலம், தென்காசி.

ஏ.சி. இல்லாத வேன். முதல் நாளுக்குப் புளியோதரை, அடுத்த நாளுக்கு இட்லிப் பொடி. கடையில் டீ மட்டும் குடிப்பது. கடலைக் கடைசியாகப் பார்த்தது கல்யாணமான வருஷம்.

இவரிடம் சொன்னேன். பட்டாளத்திலிருந்து ரிட்டையர் ஆகி மில் கேட்டில் செக்யூரிட்டி. யூனிஃபார்மைக் கழற்றிக்கொண்டே, "போயிட்டு வா. ஆனா நீ பிளான் போட்டாலே எங்க பங்காளிகள்ல ஒருத்தர் காலியாகுதாவ. இந்த வாட்டி யாரு?" என்றார். அவருக்குச் சிரிப்பு. எனக்கு வரவில்லை.

செப்டம்பர் 17, புதன்

புரட்டாசி பிறந்தது. வாசலுக்கு மஞ்சள் தண்ணீர். முழங்கால் வலி இடதுக்கு மாறியிருக்கிறது.

இவர் சொன்னது வேடிக்கைக்குத்தான், ஆனால் பொய்யில்லை. இவர் வம்சம் பெரிசு. சேத்தூரில், வ. புதுப்பட்டியில், மகாராஜபுரத்தில் என்று எங்கே பார்த்தாலும் பங்காளிகள். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் பதினாறாம் நாள் கருமாதி முடியும்வரை அத்தனை பேருக்கும் தீட்டு. கோயில் வாசலை மிதிக்கக்கூடாது.

ராமேஸ்வரத்துக்கு ரயில் டிக்கெட் எடுத்தேன். சேத்தூர் சித்தப்பா போனார். பழனிக்குப் பேசி வைத்தேன். வ. புதுப்பட்டியில் ஒரு பெரியம்மா, முகம்கூட எனக்கு நினைவில்லை. தஞ்சாவூருக்கு வேன் வாசலில் வந்து நிற்கும்போது போன் வந்தது. பையில் இருந்த புளியோதரையைத் துக்க வீட்டுக்கு வந்தவர்கள் சாப்பிட்டார்கள். நல்லாருக்கு என்று வேறு சொன்னார்கள்.

இப்போது மகாராஜபுரத்தில் பெரிய மாமா படுக்கையில். இவருடைய பெரியப்பா. ஆஸ்பத்திரியில் இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். மகன் பட்டாளத்தில், அசாம் பக்கம். கூட இருப்பது பெரிய அத்தை மட்டும்.

சாயங்காலம் அத்தைக்குப் போன் போட்டேன். "ரெண்டு கரண்டி கஞ்சி குடிச்சாவ" என்றாள். அப்பாடா என்றிருந்தது. எதற்கு அப்பாடா என்று யோசிக்காமல் துணி மடிக்கப் போனேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

முட்டை வண்டி லேட். பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்க, நானும் பேச்சியும் முட்டை உரித்துக் கைவிரல் வெந்ததுதான் மிச்சம்.

இன்றும் அத்தைக்குப் போன். தினம் ஆகிவிட்டது. இன்று அவள் சொன்னது:

"பெத்த மகன் ஞாயித்துக்கிழமை ஒருக்காதான் கேக்கான். நீ ஒருத்திதாம்மா தினம் கேக்கே. அவிய காதுலயும் சொன்னேன், ஒங்க தம்பி மவன் பொண்டாட்டி கேட்டான்னு."

போனை வைத்த பிறகு வெட்கமாக இருந்தது. நான் கேட்பது மாமா எப்படி இருக்கிறார் என்று இல்லை. 28-ஆம் தேதி வரை இருப்பாரா என்று.

இவர் வேறு, "எங்க பெரியப்பா மேல எம்புட்டுப் பாசம்டி ஒனக்கு" என்கிறார். தெரிந்துதான் சொல்கிறார்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மகாளய அமாவாசை. இவர் விடிகாலையிலேயே அய்யனார் கோயில் ஆற்றுக்குப் போய்த் தர்ப்பணம் கொடுத்து வந்தார். சதுரகிரிக்குப் போகிற கூட்டம், வத்திராயிருப்பு பஸ்ஸில் கால் வைக்க இடமில்லையாம்.

மத்தியானம் எங்கள் வீட்டில் பயணக் கூட்டம். எனக்குத் தலைவலிதான் மிச்சம்.

சுசீலா வீட்டில் பேச்சு தெலுங்கு. என்னை வதினா என்றுதான் கூப்பிடுவாள், அண்ணி என்று. "வதினா, சிற்பம் பாத்து என்ன ஆகப் போகுது, அந்த நேரத்துல திருநெல்வேலில சேலை பாக்கலாம்." பேச்சி தெருக்காரி ஒருத்திக்கு நவ திருப்பதியில் ஒன்பதும் வேண்டும், இல்லையென்றால் பலன் இல்லையாம். இன்னொருத்திக்கு வேனில் முன் சீட்டு, வாந்தி வரும். குற்றாலத்தில் தண்ணீர் இல்லாவிட்டால் என்ன செய்வது என்று அரை மணி நேரம். தண்ணீர் இல்லாவிட்டால் தண்ணீர் இல்லை, அவ்வளவுதானே. சொல்லவில்லை. சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

சிற்பத்தை விடமாட்டேன் என்று மட்டும் பிடிவாதமாக நின்றேன். பள்ளிக்கூடத்துப் பாடப் புத்தகத்தில் படமாகப் பார்த்தது. தினம் அந்தப் பிள்ளைகள் நடுவில் நின்றுகொண்டு, நேரில் பார்த்ததில்லை என்று சொல்ல அலுத்துவிட்டது.

விளக்கேற்றும்போது வேண்டிக்கொண்டது: இந்தச் சனி ஞாயிறு மட்டும் தாண்டட்டும். வேண்டிய பிறகு கையெடுத்துக் கும்பிடக் கூசியது. ஒரு மனிதர் சுகமாகட்டும் என்று வேண்டத் தோன்றவில்லை, பார்.

செப்டம்பர் 23, செவ்வாய்

கேஸ் தீர்ந்து, மாற்று சிலிண்டர் வர ஒரு மணி நேரம்.

அத்தை குரல் சரியில்லை. மாமாவுக்கு மூச்சு இழுக்கிறதாம். கஞ்சி இறங்கவில்லை, நனைத்த துணியால் உதட்டை ஈரப்படுத்துகிறாளாம். "எப்பன்னு சொல்ல முடியல" என்றாள்.

வேன்காரர் முன்பணம் கேட்டுப் போன் போட்டார். நாளைக்கு என்றேன். அட்வான்ஸ் கொடுத்தால் அதுவே சகுனம் மாதிரி ஆகிவிடுமோ என்று ஒரு பயம். பைத்தியம் பிடித்துக்கொண்டிருக்கிறது எனக்கு.

செப்டம்பர் 25, வியாழன்

சோறு பரிமாறியதும் மிச்சத்தைப் பேச்சியிடம் விட்டுவிட்டுக் கிளம்பினேன். ஸ்ரீவி. போய், அங்கிருந்து வத்திராயிருப்பு பஸ், மகாராஜபுரம். ஆரஞ்சுப் பழம் வாங்கினேன். மாமா சாப்பிடப் போவதில்லை என்று தெரியும், வெறுங்கையோடு போகக்கூடாதே.

நேற்று மழை பெய்திருக்கும் போல. மலை பக்கத்தில் வந்து நிற்கிறது. தென்னந்தோப்பெல்லாம் கழுவி விட்டாற்போல. இத்தனை வருஷமாகத் துக்கத்துக்கும் சீக்குக்கும்தான் இந்த ஊருக்கு வந்திருக்கிறேன். ஒருநாளும் நின்று பார்த்ததில்லை.

மாமா கட்டிலில் ஒரு பிடியாக. கண்ணைத் திறந்தார். என்னைத் தெரிந்ததா தெரியவில்லை. கையைப் பிடித்தேன். சூடு இருந்தது.

அத்தை என்னை அடுப்படிக்குக் கூட்டிப்போய்க் காப்பி கொடுத்தாள். கையில் டம்ளரைத் தந்துவிட்டு நேராக முகத்தைப் பார்த்தாள்.

"ஏட்டி, நீ எதுக்குத் தினம் போன் போடுதேன்னு எனக்குத் தெரியும்."

டம்ளரை அடுப்பு மேடையில் வைத்தேன்.

"ஒன் புருசன் எல்லாஞ் சொல்லிட்டான். சனிக்கிழமதான?"

"அத்தே, நான் வந்து..."

"இருக்கட்டும். நான் ஒண்ணும் நெனைக்கல. இந்தக் குடும்பத்துக்கு வாக்கப்பட்டு வந்து நான் எந்தக் கோயிலப் பாத்தேன்? கிளம்புத அன்னைக்கு ஒருத்தர் விழுந்துருவாவ. ஆண்டாளு தேருகூட நாலு வருசம் விட்டுப்போச்சு, இங்கன இருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரு."

பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள். சேதி காதில் விழுந்தால்தானே தீட்டு. விழாவிட்டால் கிடையாது. முன்காலத்தில் தூர தேசத்தில் இருந்தவர்களுக்கு எப்போது தெரியவந்ததோ அப்போதிருந்துதான் கணக்கு.

"அவியளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா ஒனக்குச் சொல்ல மாட்டேன். நீ போன அமத்திப் போட்டுட்டுப் போ. திரும்பி வந்த பொறவு பாத்துக்கிடுவோம்."

நான் அழுதேன். அவள் அழவில்லை. ஆரஞ்சுப் பழத்தில் ரெண்டை எடுத்து என் பையிலேயே போட்டு, "வேன்ல வாந்தி வந்தா மோந்து பாக்க ஆகும்" என்றாள்.

பஸ்ஸில் வரும்போது மனசு கனமாகவும் இருந்தது, கொஞ்சம் லேசாகவும் இருந்தது. லேசாக இருந்தது என்பதை எழுதாமல் விடக்கூடாது.

செப்டம்பர் 26, வெள்ளி

கடைசிப் பரீட்சை. பிள்ளைகள் கத்திக்கொண்டே ஓடின. ஸ்டோர் ரூம் பூட்டிச் சாவியை ஹெட்மாஸ்டரிடம் கொடுத்தாயிற்று. வேனுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

புளிக்காய்ச்சல். இட்லிப் பொடி. மாற்றுச் சேலை 2. பனியன் துண்டு. முழங்கால் தைலம். டார்ச். மாத்திரை. பேச்சிக்குச் சேர்த்து ஒரு போர்வை, அவளிடம் இல்லை.

அத்தை: "அப்படியேதான் இருக்காவ. நாளைக்குப் போன் போடாத." இவரும் சொல்லிவிட்டார், "எனக்குத் தெரிஞ்சாலும் வாயத் தொறக்க மாட்டேன், போ." நைட் டூட்டிக்குப் போகும்போது கைச்செலவுக்கு என்று கொஞ்சம் பணத்தை என் பையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறார். கேட்காமல் கொடுத்தது இதுதான் முதல் தடவை.

செப்டம்பர் 27, சனி

வேன் இருட்டோடு வந்தது. எல்லாரும் ஏறினோம். முன் சீட்டுச் சண்டை ஒரு பாடு. ஸ்ரீவி. தேரடியில் இறங்கும்போது லேசாக விடிந்திருந்தது. புரட்டாசிச் சனி, அதற்குள்ளே கூட்டம். கோபுரத்தைத் தலையை அண்ணாந்து பார்த்தேன். வந்துவிட்டேன் என்று நம்பவே முடியவில்லை.

அர்ச்சனைத் தட்டு வாங்கினேன். மாமா பேருக்கும் அத்தை பேருக்கும் அர்ச்சனை செய்யாமல் எப்படி உள்ளே போவது? அவள் எனக்குச் செய்ததற்கு நான் வேறு என்ன செய்ய முடியும்? நட்சத்திரம் கேட்டு வைக்கவில்லை. போட வேண்டாம் என்றுதான் சொல்லியிருந்தாள், இருந்தாலும் போனைப் போட்டேன். உடனே எடுத்தாள்.

"அத்தே, மாமாவுக்கு என்ன நட்சத்திரம்? ரெண்டு பேர் பேருக்கும் அர்ச்சனை பண்ணிருதேன்."

"அவிய பேருக்கு வேண்டாம்மா. என் பேருக்கும் வேண்டாம். நீ ஒன் பேருக்குப் பண்ணு."

"மாமா எப்படி இருக்காவ?"

"நல்லாத் தூங்குதாவ. நீ மொதல்ல உள்ள போ." போன் வைத்துவிட்டாள்.

நல்லாத் தூங்குகிற மனிதர் பேருக்கு அர்ச்சனை ஏன் வேண்டாம்? உயிரோடு இருப்பவர்களுக்குத்தான் அர்ச்சனை. தீட்டு இருப்பவள் பேருக்கும் கிடையாது. என்னிடம் எந்தப் பொய்யும் சொல்வாள் அத்தை. சாமி காரியத்தில் சொல்ல வரவில்லை.

பேச்சி என் முகத்தைப் பார்த்துவிட்டாள். "சேதியாக்கா?"

"சேதின்னு ஒண்ணும் சொல்லல."

"சொல்லலைல்ல? பொறவென்ன, வாங்க உள்ள."

அவள் சொல்வதும் சரிதான். யாரும் என்னிடம் எதுவும் சொல்லவில்லை. வாசல் எதிரே இருந்தது. போய்விட வேண்டும் என்றுதான் எனக்கு இருந்தது, அதை மறைக்க என்ன இருக்கிறது. நாலாவது தடவை இது. தட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

பிறகு உறைத்தது. ஒரு பங்காளிக்குச் சொன்னால் போதும், குரூப்பில் போட்டு ஊருக்கே தெரிந்துவிடும். எனக்குத் தெரியக்கூடாது என்றால் அத்தை ஒருத்தருக்குமே சொல்லியிருக்க முடியாது. அப்படியென்றால் அந்த வீட்டில் இப்போது அவளும் அவரும் மட்டும்.

தட்டைப் பேச்சி கையில் கொடுத்தேன். "நீங்க போங்கட்டி. சிற்பத்தை மட்டும் விட்டுராதீக" என்றேன். சுசீலா வேனிலிருந்து என் பையை எடுத்துத் தந்து, "அய்யோ வதினா" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் வத்திராயிருப்பு பஸ். உட்கார இடம் கிடைத்தது.

தெருவில் பால்காரர் மணியடித்துப் போய்க்கொண்டிருந்தார். அத்தை வீட்டுக் கதவு மட்டும் சாத்தியிருந்தது. தட்டினேன்.

"யாரு?"

"நான்தான்த்தே."

திறந்தாள். மாமாவைக் கீழே இறக்கி நேராகக் கிடத்தியிருந்தாள். வெளுத்த வேட்டி, தாடைக்குக் கட்டு, தலைமாட்டில் விளக்கு. எல்லாம் ஒருத்தியாகவே. கண் காய்ந்திருந்தது.

"உள்ள போனியா, இல்லியா?"

"போகல."

"அட கிறுக்கி. ஒரு கோயிலாச்சும் நீ பாத்து முடிக்கட்டும், அதுக்குப் பொறவு வாயத் தொறப்போம்னு உக்காந்துருந்தேன்."

ரெண்டு கதவையும் தெருவைப் பார்க்க அகலத் திறந்து வைத்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அழுங்கத்தே" என்றேன்.