குறையாத சூப்

மார்ச் 3, திங்கள்

மருத்துவர் சொன்னதை என் வீட்டுக்காரர் படியிறங்கும்போதே மறந்துவிட்டார். "உப்பப் பாதியாக் குறைங்க. மாசக் கடைசி டெஸ்ட்ல பிரஷர் இப்படியே இருந்தா, பஸ் ஓட்ட நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

ஸ்டியரிங்கை விட்டு வீட்டில் உட்கார்ந்தால் இவர் என்ன ஆவார்? யோசிக்கவே பிடிக்கவில்லை.

வீட்டில் நான்கு பேர், நான்கு நேரம். தையல் கடையிலிருந்து நாத்தனார் முதலில் சாப்பிட வருவாள். அடுத்து கல்லூரியிலிருந்து மகள், பிறகு ஷிஃப்ட் முடிந்து இவர். பத்திரிகை வேலையை முடித்துக்கொண்டு நான் வர இருட்டிவிடும். ஆகவே ஒரே பானையில் கெட்டியாக ஒரு சூப். பருப்பு, பூசணி, கேரட், ஓட்ஸ். அவரவர் சூடு பண்ணிக்கொள்ளலாம். உப்பு அரை ஸ்பூன், அதற்கு மேல் இல்லை.

மார்ச் 5, புதன்

தொட்டியில் மூன்று கிண்ணங்கள் கிடக்கின்றன. ஆனால் பானையில் சூப் காலையில் வைத்த அளவிலேயே இருக்கிறது. மூன்று பேர் சாப்பிட்டும் எப்படிக் குறையாமல் இருக்கும்?

மார்ச் 6, வியாழன்

இன்றும் குறையவில்லை. காலையில் கரண்டி நிற்கும் பதத்தில் இருந்தது, இப்போது நீர்த்திருக்கிறது. யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்று வைத்துக்கொண்டாலும், உப்பு காலையைவிடத் தூக்கலாக இருக்கிறதே. தண்ணீர் ஊற்றினால் உப்பு கூடுமா? நாக்கு கெட்டது எனக்கா, பானைக்கா?

மார்ச் 10, திங்கள்

மூவரையும் தனித்தனியாகக் கேட்டேன்.

"நல்லா இருக்கு அண்ணி."

"நல்லா இருக்கும்மா."

"நல்லா இருக்கு, ஏன் கேக்கற?"

மூன்று சாட்சிகள் ஒரே வாக்கியத்தைச் சொன்னால் என் தொழிலில் சந்தேகப்படுவோம். வீட்டில் என்ன செய்வது?

மருந்துக்கடையில் இவருக்குப் பிரஷர் பார்த்தோம். ஏறியிருக்கிறது.

மார்ச் 11, செவ்வாய்

உப்பைக் கால் ஸ்பூனாகக் குறைத்தேன். சூப் இன்னும் கரித்தது. நான் குறைக்கக் குறைக்க அது கூடுகிறது. ஒன்றும் விளங்கவில்லை.

மார்ச் 13, வியாழன்

போன் சார்ஜரை மறந்துவிட்டு மதியம் திரும்பி வந்தேன். அடுப்படியில் நாத்தனார். கையில் உப்பு ஜாடி.

"என்ன பண்றே?"

ஜாடி கை தவறப் பார்த்தது. "இல்ல அண்ணி… சப்புனு இருந்தா யாரும் சாப்பிட மாட்டாங்க. மிச்சம் வந்தா உங்க முகம் சுருங்கிடும். அதான், கொஞ்சமா…"

"உன் கிண்ணத்துல போட்டுக்கக் கூடாதா?"

அவள் பதில் சொல்வதற்குள் மகள் வந்துவிட்டாள். விஷயத்தைக் கேட்டதும் பையைக் கீழே போட்டாள்.

"அத்தை, நீங்களா? அம்மாதான் வேலை டென்ஷன்ல ரெண்டு தடவ போட்டுடறாங்கன்னு நெனச்சேன். சொன்னா வருத்தப்படுவாங்களேன்னு தெனமும் தண்ணி ஊத்திட்டிருக்கேன்!"

"நீதானா அது? பாத்துப் பாத்துப் போட்டத எல்லாம் கழுவி விட்டியேடி!"

"கழுவலன்னா அப்பா கதி என்ன அத்தை? கடல் தண்ணி மாதிரி இருந்துச்சு!"

நான் அலுவலகத்துக்குத் திரும்பிப் போகவில்லை. இவர் வரும்வரை மூவரும் மேசையில் உட்கார்ந்திருந்தோம். வாசலிலேயே எங்களைப் பார்த்து மிரண்டுபோனார். "நீங்க ஒண்ணும் பண்ணலயே?" என்று பேச்சுக்குத்தான் கேட்டேன். தலையைச் சொறிந்தார்.

"ஒரே தண்ணியா இருக்கும்மா. நீ களைச்சு வந்து அதையா சாப்பிடுவே? நானும் ஒரு சிட்டிகை…"

உங்களுக்காகத்தானே இவ்வளவும்! நீங்களே போட்டா நான் எங்க போய் முட்டிக்கறது? சிரிக்கறதா, அழறதா – தெரியல. மத்த ரெண்டு பேரும் சிரிச்சுட்டாங்க. எனக்கு வரல.

மார்ச் 14, வெள்ளி

பானையில் உப்பே போடவில்லை. இரவு நால்வரும் ஒன்றாக உட்கார்ந்தோம். மிளகுத்தூளும் எலுமிச்சையும் மேசை நடுவில். உப்பு ஜாடி நாத்தனார் பக்கம், இவர் கைக்கு எட்டாத இடத்தில்.

இவர் ஒரு வாய் வைத்தார். என்னைப் பார்த்தார்.

"நல்லாவே இல்ல."

கல்யாணம் ஆன நாளிலிருந்து இப்படி ஒரு வார்த்தையை நான் கேட்டதில்லை. கோபம் வரவில்லை. ஏன் வரவில்லை என்றும் தெரியவில்லை. எலுமிச்சையைப் பிழிந்துகொண்டு கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார்.

இதற்கு முன்னால் சொன்ன 'நல்லா இருக்கு'களில் எவை நிஜம்? கேட்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

"பூண்டாவது வதக்கிப் போடேன்" என்றார். போட்டேன். "இப்பப் பரவாயில்ல." நாத்தனார் ஜாடியை எடுத்தாள். ஒரு சிட்டிகை, அவள் கிண்ணத்தில் மட்டும்.

மார்ச் 29, சனி

நேற்று டெஸ்ட்டில் பிரஷர் இறங்கியிருந்தது, மருத்துவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்று விடிவதற்குள் இவர் கிளம்பிவிட்டார். கொக்கியில் சீருடை இல்லை. கதவருகே பேருந்துச் சாவியும் இல்லை.

மாலையில் வந்து பானை மூடியைத் திறந்தேன். அடியில் பூண்டுத்தோல் ஒன்று ஒட்டியிருந்தது. வேறு ஒன்றுமில்லை.

ரொட்டி சாப்பிட்டேன்.