அழுமூஞ்சி தணிகை

ஆரம்பாக்கம்,
12.1.2025

அன்பு மகள் சந்திரகலாவுக்கு,

நீ, மாப்பிள்ளை, பூமிகா எல்லோரும் சுகந்தானே? எனக்குக் காது சுத்தமாக அடைத்துவிட்டது. போனில் யார் பேசினாலும் தவளைச் சத்தம்தான் கேட்கிறது. அதனால் கடிதம்.

மாப்பிள்ளையோடு கம்பெனியில் வேலை பார்க்கும் நம்ம பக்கத்து வீட்டு தானியேல் பத்திரிகையைக் காட்டித்தான் பூமிகாவுக்குக் கல்யாணம் என்றே தெரியும். அவனுக்குப் பத்திரிகை உண்டு, தாத்தாவுக்கு இல்லையா?

அம்மா சாவில் நடந்ததற்கா இன்னும் கோபம்? அங்கே நான் நடிக்கவில்லை, கண்ணு. கறுப்பு வெள்ளைப் படத்தில் பெண்டாட்டி அடித்தாலும் முதலாளி துரத்தினாலும் உதட்டைப் பிதுக்கி ஊளையிட்டு அழுதவன் நான். ‘அழுமூஞ்சி தணிகை’ வந்தாலே கொட்டகை சிரிக்கும். இந்த மூஞ்சிக்கு வேறு அழுகை தெரியாதே, நான் என்ன செய்ய?

உன் அப்பா

திருவள்ளூர்,
20.1.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் நடித்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் அம்மாவைத் தூக்கும்போது நீங்கள் அழுதீர்கள், கூட்டம் சிரித்தது. அதை எவனோ வீடியோ எடுத்துப் போட, ஊரே பார்த்தது. என் அம்மாவுக்காக அழக்கூட என்னை விடவில்லை.

இப்போது உங்கள் பழைய படத்து முகம் வாட்ஸ்அப் ஸ்டிக்கர். கேஸ் சிலிண்டர் தீர்ந்தால்கூடச் சம்பந்தியம்மா அதைத்தான் அனுப்புகிறார். அது என் அப்பா என்று அவர்களுக்குத் தெரியாது. தாத்தாவுக்கு நடமாட்டம் இல்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

தாலி ஏறும்போது நீங்கள் அழாமல் இருப்பீர்களா? மண்டபமே போனைத் தூக்கும். வராதீர்கள், அப்பா. பிறகு நாங்களே வந்து பார்க்கிறோம்.

சந்திரகலா

ஆரம்பாக்கம்,
27.1.2025

கண்ணு,

அம்மா போட்டோவை எதிரே வைத்துக்கொண்டு அழாமல் பழகுகிறேன். கன்னத்தை உள்ளே கடித்துக்கொண்டால் நின்றுவிடுகிறது. கடைசி வரிசையில் ஒரு நாற்காலி போதும். சரி என்று ஒரு வரி போடு.

உன் அப்பா

ஆரம்பாக்கம்,
18.2.2025

சந்திரகலாவுக்கு,

நீ பதில் போடவில்லை. மனசு கேட்காமல் புதுவாயலில் பஸ் மாறிக் கல்யாணத்துக்கு வந்துவிட்டேன்.

கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தேன். பூமிகாவின் மாப்பிள்ளைக்குச் சித்தப்பாவாம், காதருகே குனிந்து கத்தினார்: “பெருசு, இன்னா தனியா குந்திக்கினு கீற? பொண்ணு ஊடா, மாப்ள ஊடா?”

“சாப்ட வந்தேம்பா” என்றேன்.

நல்ல மனுஷன். முகூர்த்தம் முடிந்ததும் பந்தியில் இடம் பிடித்துக் கொடுத்து, தாம்பூலப் பையும் தந்தார்.

தாலி ஏறும்போது பார்த்தேன். பூமிகா அச்சு அசல் உன் அம்மாதான். நான் அழவில்லை. மாப்பிள்ளை வீட்டில் ஒரு ஆளுக்கும் என்னை அடையாளம் தெரியவில்லை. நீ மட்டும் என் வரிசைக்கு வந்தாய், பார்த்தாய். நான் சிரித்தேன். நீ திரும்பிப் போய்விட்டாய்.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. கண்ணாடி முன்னால் உதட்டைப் பிதுக்கிக்கூடப் பார்த்துவிட்டேன். வரவே இல்லை.

பிறகு வந்து பார்க்கிறோம் என்று எழுதியிருந்தாயே, வர வேண்டாம்மா.

தணிகைவேல்