உன் பெயர் இருந்த இடத்தில் ஒரு காடு

இன்று மத்தியானம் மௌஸின் அடிமூடியைத் திருகித் திறந்தேன். திரையில் அம்பு நகராமல் ஒரே இடத்தில் அடம்பிடித்தது. உள்ளே சின்ன உருளைகளில் வழக்கம்போலப் பஞ்சு சுற்றியிருந்தது. ராஜபாளையத்தில் பஞ்சு போகாத இடம் ஏது? மில்லில் இருந்து வருகிறவர்களின் சட்டையோடு கடைக்குள் வந்து, மேஜையில் உட்கார்ந்து, கடைசியில் மௌஸுக்குள்ளும் போய்விடுகிறது. நகத்தால் அதை எடுத்துவிட்டு ஸ்பிரிட்டில் துடைத்தேன். அந்த வாடை மூக்கில் ஏறியதும் கை நின்றுவிட்டது. இந்த வாடை எனக்கு இரண்டு இடத்தைக் காட்டும். ஒன்று இந்த மேஜை. இன்னொன்று மதுரையில் நீ படுத்திருந்த வார்டு.

நீ போய் ஒரு வருஷமும் இரண்டு மாதமும் ஆகிறது. நேரில் பேசத்தான் எனக்கு வராது. எழுத வரும் என்று நீதான் சொல்வாய். அதனால் எழுதுகிறேன்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். அம்மா பேண்டேஜ் துணி நெய்யப் போனதால் தம்பியையும் தங்கச்சியையும் பார்க்க வீட்டில் ஆள் வேண்டியிருந்தது. அவர்கள் கொஞ்சம் வளர்ந்ததும் இந்தக் கல்யாணக் கார்டு கடையில் கார்டு மடிக்கச் சேர்ந்தேன். பார்த்துப் பார்த்தே தமிழ் டைப்பிங் பழகினேன். யாராவது நேருக்கு நேர் ஏதாவது கேட்டால் மட்டும், தலையைக் குனிந்துகொண்டு விரலால் முதலாளி அண்ணாச்சியைக் காட்டிவிடுவேன்.

நீ ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்து பஸ்ஸில் வந்து எங்கள் கடையில் கம்ப்யூட்டர் பழகினாய். காலேஜில் ஒரு வருஷம் படித்துவிட்டு, இருதயத்தில் வால்வு சரியில்லை என்று நிறுத்தப்பட்டவள். முதல் நாள் மூச்சு வாங்க வாசலில் நின்றாய்.

“அக்கா, இந்தச் சேர்ல உக்காருங்க” என்றேன்.

“எனக்குப் பதினெட்டு. உனக்கு?”

“பதினாறு.”

“ரெண்டு வயசுக்கு அக்காவா. நீன்னு சொல்லு. இல்லன்னா எங்கிட்டப் பேசாத.”

பேசாமல் இருப்பது எனக்குச் சுலபம். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் நீதான் தோற்றாய். “ஏட்டி, செவுத்துக்கிட்ட இம்புட்டு நேரம் உக்காந்திருந்தா அதுகூடப் பதில் சொல்லியிருக்கும்” என்றாய். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதன் பிறகு நமக்குள் பேச்சு நிற்கவில்லை.

பட்டாளத்தில் இருந்த உன் அண்ணன் லீவில் வந்தபோது, ரயிலில் வாசிக்க வாங்கிய ஆங்கிலக் கம்ப்யூட்டர் புத்தகம் ஒன்றை வீட்டில் போட்டுவிட்டுப் போனார். அதில் நாலு பக்கத்தைக் கிழித்துக்கொண்டு வந்தாய். உலகத்தில் இல்லாத ஒரு நாட்டுக்குப் போட்டோஷாப்பில் வரைபடம் செய்வது எப்படி என்று அதில் படிப்படியாகப் போட்டிருந்தது. எனக்கு ஆங்கிலம் வராது. உனக்கு மௌஸ் பிடித்தால் கை நடுங்கும். அண்ணாச்சி மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனதும், நீ வாசிப்பாய், நான் செய்வேன்.

முதல் படி மேகம். ஒரு கட்டளை கொடுத்தால் திரை முழுக்கக் கறுப்பும் வெளுப்புமாகக் குழம்பிய மேகம் வரும். இரண்டாவது படியில் ஒரு சின்ன முக்கோணத்தை இழுக்க வேண்டும். இழுக்க இழுக்க, மேகத்தில் வெளுத்த இடமெல்லாம் நிலமாகும், கறுத்த இடமெல்லாம் கடலாகும். முதல் தடவை அதைப் பார்த்தபோது நீ நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டாய்.

“நில்லு, நில்லு. அந்தத் தீவு முங்குது.”

“கொஞ்சம் கீழ எறக்கவா?”

“எறக்கு. ஐயோ, இப்பக் கடலே காணாமப் போச்சு. செத்த மேல.”

கரை அமைந்தது. ஆனால் புத்தகத்தில் இருந்த நாடு வரவில்லை. அதில் வடக்கே கொம்பு மாதிரி ஒரு முனை இருந்தது. நமக்கு வந்தது கடித்து வைத்த அப்பளம் மாதிரி. ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று அழித்துவிட்டு மறுபடி செய்தோம். மறுபடியும் வேறு நாடு. ஆறு நாள் மத்தியானம் இதே வேலை. எத்தனை நாட்டை அழித்தோம் என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் நான், “என் கைதான் சரியில்ல போல” என்பேன். நீ முதல் பக்கத்தில் இருந்து திரும்ப வாசிப்பாய்.

ஏழாம் நாள்தான் ஓரத்தில் பொடி எழுத்தில் இருந்த ஒரு வரி உன் கண்ணில் பட்டது. மேகம் ஒவ்வொரு முறையும் வேறாகத்தான் வரும், ஒரு தடவை வந்தது இன்னொரு தடவை வராது என்று போட்டிருந்தது. நீ தாளை மடியில் போட்டுவிட்டுத் திரையைப் பார்த்தாய்.

“அப்ப அது அவிய நாடு. நாம எதுக்குட்டி அதையே தேடிக்கிட்டிருக்கோம்? இப்பத் திரையில இருக்கது எப்படி இருக்கு?”

“பரவால்ல.”

“அப்ப இதுதான் நம்மது. சேவ் பண்ணு.”

பிறகு மலை எழுப்பினோம், ஆறு விட்டோம், காடு பூசினோம். மலைக்குப் பக்கத்தில் வந்ததும் நீ பிடிவாதம் பிடித்தாய். எல்லா உச்சிக்கும் ரோடு வேண்டும் என்றாய். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பெயருள்ள குன்றின் மேல் இருக்கும் பெருமாளைப் பார்க்கப் புரட்டாசியில் வீட்டோடு போய், எல்லோரும் படியேற நீ மட்டும் கீழே செருப்புக்குக் காவல் இருந்த கதையை அன்றைக்குத்தான் சொன்னாய். “நம்ம மலையில படியே கெடையாது. பஸ்ஸு போகும்” என்றாய். வழியில் ஒரு ஊருக்கு உக்காருபட்டி என்று பெயர் வைத்தாய். அங்கே பத்தடிக்கு ஒரு பெஞ்சு போட்டிருப்பார்களாம். நாட்டுக்கு மட்டும் பெயர் அமையவில்லை. பிறகு வைப்போம் என்றாய்.

அதற்குள் மதுரையில் ஆப்பரேஷனுக்கு நாள் கொடுத்துவிட்டார்கள். போகும்போது, “படத்தை முடிச்சு எடுத்துட்டு வா. அங்கன படுத்துக்கிட்டுப் பாக்கணும்” என்றாய்.

நீ சொன்ன ஊர்ப் பெயர்களை எல்லாம் டைப் செய்தேன். நடுவில் இடம் காலியாக இருந்தது. நீ பார்த்ததும் சந்தோஷப்படுவாய் என்று நினைத்து, கடையில் இருப்பதிலேயே அழகான எழுத்தில் உன் பெயரைப் பெரிதாகப் போட்டேன். ஐந்து எழுத்தும் காட்டில் தொடங்கி, மலையைத் தாண்டி, ஆற்றின் மேல் போய் நின்றன.

அதன் பிறகு கல்யாணக் கார்டுக்குச் செய்கிறதையே இதற்கும் செய்தேன். போட்டோஷாப்பில் நிலம், மலை, எழுத்து எல்லாம் கண்ணாடித் தாள் மாதிரி தனித்தனி அடுக்காக இருக்கும். எழுத்து வேண்டாம் என்றால் அந்த அடுக்கை மட்டும் உருவிவிடலாம். எங்கள் கடையில் வேலை முடிந்தால் எல்லா அடுக்கையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டுப் பழைய ஃபைலை அழித்துவிட வேண்டும். கம்ப்யூட்டரில் இடம் கிடையாது என்பது அண்ணாச்சியின் சட்டம். கை பழகிப்போயிருந்தது. யோசிக்காமல் சேர்த்தேன், யோசிக்காமல் பழசை அழித்தேன். அண்ணாச்சியிடம் கலரில் ஒரு பிரிண்ட் கேட்க மட்டும் இரண்டு நாள் யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வார்டுக்கு வந்தேன். படத்தை வாங்கி நெஞ்சின் மேல் விரித்து, ரோட்டின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே போனாய். உக்காருபட்டியில் நின்று சிரித்தாய். நடுவுக்கு வந்ததும் விரல் நின்றது.

“ஏட்டி, என் பேர ஏன் போட்ட?”

“நல்லாத்தான இருக்கு.”

“எங்க ஊரு மடவார் வளாகம் கோயில்ல டியூப்லைட்டு மேல பேரு எழுதியிருக்கும், பாத்திருக்கியா? இன்னாரு நெனவாகன்னு. பெஞ்சுலயும் எழுதியிருக்கும். எல்லாம் செத்தவுக பேரு. உசிரோட இருக்கவ பேர எவளாவது நாட்டுக்கு வைப்பாளா?”

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாய். முடிக்கும்போது குரல் அடங்கிவிட்டது. அதுவரை நீ பயந்து நான் பார்த்ததே இல்லை.

“புதன்கிழமை காலையில ஆப்பரேஷன். அதுக்குள்ள எடுத்துரு. ரத்தம் குடுக்கறதுக்கு ஆளக் கூப்பிட அப்பா செவ்வாக்கெழமை சாயங்காலம் ராஜபாளையம் வாராக. எடுத்துட்டேன்னு அவுககிட்டச் சொல்லிவிடு.”

சரி என்றேன். படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாய். அடுக்குகளைச் சேர்த்துவிட்டேன் என்பது பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது.

உருவ முடியாத பெயரை மூட மட்டும்தான் முடியும். ரப்பர் ஸ்டாம்ப் என்று ஒரு கருவி உண்டு. பக்கத்தில் இருக்கிற நிலத்தைத் தொட்டு எடுத்து, எழுத்தின் மேல் ஒற்றிக்கொண்டே வர வேண்டும். தப்பினால், எங்கள் கடையின் பழைய போட்டோஷாப்பில் ஒரே ஒரு தடவைதான் பின்னால் போகலாம். அதற்கு முந்தினதைச் சரி செய்ய வழியில்லை. உன் நாலு பக்கத்தில் இதைப் பற்றி ஒன்றும் இல்லை. முகூர்த்த மாதம், கடையில் கார்டு வேலை குவிந்து கிடந்தது. திங்கள் மத்தியானம் சாப்பிடாமல் ஒரு எழுத்தை மூடினேன். செவ்வாய் இரண்டு. மலை மேலும் ஆற்றின் மேலும் இருந்த எழுத்துகள்தான் பாக்கி. அவை லேசில் மறைவதாக இல்லை. ஆறு ஒடிந்து ஒடிந்து போனது.

ஐந்து மணிக்கு உன் அப்பா வாசலில் நின்றார். ரத்தம் கொடுக்கக் கூட்டிப் போக வேண்டியவர் தெருவில் காத்திருந்தார்.

“பாப்பா, அழிச்சாச்சான்னு கேட்டுட்டு வரச் சொன்னா. என்னத்தன்னு எனக்குத் தெரியல.”

திரை அவருக்கு முதுகு காட்டியிருந்தது. அதில் உன் பெயரின் கடைசி இரண்டு எழுத்தும் நின்றன.

“அழிச்சாச்சுப்பா” என்றேன்.

அவர் போனதும் மற்ற வேலை எதையும் தொடவில்லை. அண்ணாச்சி சத்தம் போட்டார், காதில் வாங்கவில்லை. ஏழரை மணிக்கு ஆறு மறுபடி ஓடியது. எழுத்து ஒன்றுகூட இல்லை. நான் சொன்ன பொய்யை இரண்டரை மணி நேரத்தில் உண்மையாக்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆப்பரேஷன் முடிந்து கண் விழித்தாயாம். பேசினாயாம். நாலாம் நாள் காய்ச்சல் கண்டது. ஏழாம் நாள் நீ இல்லை. பெயர் அழித்த படத்தை நீ பார்க்கவே இல்லை.

உன் அஞ்சலி நோட்டீஸ் எங்கள் கடைக்குத்தான் வந்தது. நான்தான் டைப் செய்தேன். அதே ஐந்து எழுத்து. இந்த முறை யாரும் அழிக்கச் சொல்லவில்லை.

பல நாள் எனக்கு இதே யோசனை. நான் பெயர் போட்டதாலா? ஐந்து மணிக்கு இரண்டு எழுத்து பாக்கி இருந்ததாலா? ஒரு பெயரால் யாரும் சாக மாட்டார்கள் என்று பகலில் எனக்குத் தெரியும். ஆனால் நீ உட்கார்ந்த நாற்காலிப் பக்கம் உன் முகம் நினைவில் வரும்போது அது எனக்குத் தெரியாமல் போய்விடும். யாரிடமும் சொல்லவில்லை.

இரண்டு மாதம் முன்பு, உன் வருஷத் திதிக்குச் சில நாள் இருக்கையில், உன் அப்பா கடைக்கு வந்தார்.

“அவ ஏதோ ஒரு நாடு வரஞ்சாளாமே. அவ அம்மா சொன்னா. அதப் பெருசாப் போட்டுக் குடு பாப்பா. நடுவுல அவ பேரு போடு. வீட்டுல மாட்டணும்.”

விரல் தானாக அண்ணாச்சி பக்கம் போகப் பார்த்தது. இழுத்துக்கொண்டேன்.

“பேரு வேண்டாம்ப்பா.”

“ஏம்மா?”

நான் யாரிடமும் அவ்வளவு நேரம் பேசியதில்லை. டியூப்லைட்டைச் சொன்னேன், அடுக்கைச் சேர்த்ததைச் சொன்னேன். “நீங்க வந்து கேட்டப்ப ரெண்டு எழுத்து பாக்கி இருந்துச்சு. பொய் சொன்னேன்” என்றும் சொல்லிவிட்டேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நான் போயி அழிச்சாச்சாம்னு சொன்னேன். சரிப்பான்னு திரும்பிப் படுத்தா. அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்குனா, பாப்பா. அதுக்கு முந்தி நாலு நாளா அவளுக்குத் தூக்கமில்ல.”

துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, “பேரில்லாமலே குடு” என்றார்.

இப்போது அது உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கிறது. பார்க்கிறவர்களுக்கு நடுவில் காடும் மலையும் ஆறும்தான் தெரியும். உற்றுப் பார்த்தால் ஒரே மரம் மூன்று இடத்தில் நிற்கும். நான் தொட்டு எடுத்து ஒற்றிய மரம். எந்த மரத்துக்குக் கீழே உன் எந்த எழுத்து இருக்கிறது என்று எனக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டாலும் என் விரல் அந்த ஐந்தையும் வரிசையாகக் காட்டும்.