மடையானின் விலாசம்

போன செவ்வாய்க்கிழமை பாபநாசம் சாலையோரத்தில் ஒருவன் மடையான் கொக்குகளைக் காலைக் கட்டித் தொங்கவிட்டுக் கறிக்கு விற்றுக்கொண்டிருந்தான். வண்டியை நிறுத்தி, எங்கே பிடித்தது என்று கேட்டேன். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்துப் புரட்டினான். நீ படம் வரைந்து, நான் என் குடவாசல் அச்சகத்தில் அடித்த டைரி. மூன்று வருஷத்துக்கு முந்தையது.

"எந்த எடத்துல எது இருக்குன்னு போட்டிருக்கு சார். யாரு போட்டாங்களோ, நல்லா வெவரமா போட்டிருக்காங்க" என்றான். அந்த டைரியை அவனிடம் விலைக்கு வாங்கிக்கொண்டேன்.

கம்பம் ஏறும் லைன்மேன் வேலை உனக்கு. மேலிருந்து பார்த்ததையெல்லாம் சாயங்காலம் என் அச்சகத்துக்கு வந்து, வீணாய்ப்போன தாள்களின் பின்பக்கத்தில் வரைவாய். நீர்நாய், உடும்பு, மடையான் என்று வாரத்துக்கு ஓர் உயிர். டைரி விற்று வருவதில், மடையான்கள் கூடு கட்டும் காலத்தில் அவை அடையும் மூங்கில் தோப்புக்கு ஒரு காவலாள் போடவேண்டும் என்பது உன் ஆசை. "சட்டைப்பையில கெடந்தா தெனமும் ஒரு தடவையாவது பாப்பாங்க பாய்" என்றாய்.

ஒவ்வொரு படத்துக்குக் கீழும் ஒரு வரி காலியாக விட்டிருந்தாய். காலி இடத்தைக் கண்டால் கை சும்மா இருக்காத அச்சகக்காரன் புத்தி எனக்கு. உன்னைக் கேட்காமலேயே ஊரையும் குளத்தையும் தோப்பையும் அங்கே போட்டுவிட்டேன். எல்லாம் நீ பேச்சுவாக்கில் சொன்ன இடங்கள்தான். ஆசைப்பட்டவர்கள் போய்ப் பார்க்கட்டுமே என்று பெருமை வேறு.

பைண்டிங் முடிந்த பிறகுதான் நீ பார்த்தாய். அந்த வரியில் விரலை வைத்தாய். "மடையானுக்கு வெலாசம் குடுத்துட்டீங்களே பாய்."

"அட போப்பா, டைரியப் பாத்தா கொக்கு பிடிக்க வரப்போறான்?" என்று சிரித்தேன்.

"அந்த வரிய மட்டும் மை வச்சு மறச்சிடலாமா?"

டைரி அசிங்கமாகிவிடும் என்று மறுத்துவிட்டேன்.

பொங்கல் கழிந்த வாரம் வலை போட்டுத் தோப்பையே அள்ளிவிட்டார்கள். காவலாள் இன்னும் கிடைத்திருக்கவில்லை. நாம் போனபோது கூடுகளில் குஞ்சுகள் மட்டும் கத்திக்கொண்டிருந்தன. மறுநாள் போனபோது அந்தச் சத்தமும் இல்லை. திரும்பும் வழியில் என் முகத்தைப் பார்த்து நீதான் சொன்னாய்: "டைரி பாத்து வந்திருக்க மாட்டாங்க பாய். மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க."

அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் இத்தனை நாள் தூங்கினேன். போன ஆடியில் நெஞ்சுவலி வந்து நீ போனபோதும் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ அதை நம்பித்தான் சொன்னாயா, எனக்காகச் சொன்னாயா? கேட்க நீ இல்லை. கேட்கும் தைரியம் நீ இருந்தபோதும் எனக்கு இல்லை.

அடுத்த வருஷத்துக்கென்று நீ வரைந்து வைத்திருந்ததை உன் மனைவி கொண்டுவந்து தந்தார். நேற்றுதான் அச்சுக்குப் பக்கம் கட்டினேன். படங்களின் கீழே ஒரு வரி காலியாகவே இருக்கிறது. கை பரபரத்தது, விட்டுவிட்டேன்.

மடையான் விற்றவனிடமிருந்து வாங்கிய பழைய டைரியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறேன். உன் மடையானுக்குக் கீழே நான் போட்ட தோப்பின் பெயரைப் பேனாவால் அழுத்தி மறைத்திருக்கிறான். நீ கெஞ்சியும் நான் செய்யாததை அவன் செய்திருக்கிறான். பக்கத்தில் சின்னதாக எழுதியிருக்கிறது: முடிஞ்சுது.