கம்பி இல்லாத வயல்

மார்ச் 9, 1997, ஞாயிறு

இந்தர்புரியில் இவர் தங்கை செல்வி வீட்டுக்கு பஸ்ஸில் போனோம். புசா பண்ணை வயல்கள் வந்ததுமே சிந்து ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு ஆரம்பித்துவிட்டாள். “இதுல இறக்கலாம்மா. அது சின்னது. இதுல முடியாது, கம்பி போகுது.” ஃப்ளையிங் கிளப்பில் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கிற கேப்டன் கில், பறக்கும்போதே திடீரென்று எஞ்சின் வேகத்தைக் குறைத்துவிட்டு, “நின்னு போச்சுன்னு வச்சுக்கோ, இப்ப எங்கே இறக்குவே?” என்று இந்தியில் கேட்பாராம். அதனால் போகிற இடமெல்லாம் என் பெண் வயல் பொறுக்குகிறாள்.

“ஏட்டி, ஒன் வாயில நல்ல வார்த்தையே வராதா?” என்றேன். “அரே அம்மா, இது பிராக்டிஸ்” என்றாள்.

ஊரில் இவள் வயதுப் பெண்களுக்கு வளைகாப்பு நடக்கிறது. இவளுக்கு செஸ்னா விமானம். அப்பாவும் பெண்ணும் சேர்ந்து செய்த ஏற்பாடு, என்னை யார் கேட்டார்கள்? டெல்லியில் பிறந்ததற்குத் தமிழ் படிக்க வராது. இந்த டைரியில் தாராளமாகத் திட்டலாம்.

ஏப்ரல் 17, வியாழன்

நாளை சிந்து ஹிசார் வரை பறந்து போய்வர வேண்டுமாம். தனியாக. பக்கத்தில் கேப்டன் கிடையாது. முருகா.

ஏப்ரல் 18, வெள்ளி

தூக்கம் வரவில்லை. எழுதினால் வருமோ என்னவோ.

மத்தியானம் டிபன் டப்பாவைத் திறக்கும்போது ஆபீஸ் ஃபோன் அடித்தது. பக்கத்து சீட் சியாமளா எடுத்தாள், கேட்டாள், என்னைப் பார்த்தாள். டப்பாவை அப்படியே வைத்துவிட்டு ஃபோனை வாங்கினேன். கேப்டன் கில்தான். சிந்துவின் எஞ்சின் நின்றுவிட்டது, வயலில் இறக்கப் போகிறேன் என்று ரேடியோவில் சொன்னாள், அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை, பெஹன்ஜி தைரியமாக இருங்கள் என்றார். அதற்குப் பிறகு என்றால்? எதற்குப் பிறகு?

தகவல் தெரிந்து இவர் என் ஆபீஸுக்கே ஓடி வந்தார். நீங்கதான அனுப்புனீங்க, நீங்கதான — வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை அடித்தது. எவனோ ராங் நம்பர், கேன்டீனா என்று கேட்டான். அவனுக்குத் தமிழ் தெரியாதது அவன் அதிர்ஷ்டம்.

மறுபடி அடித்தது.

“அம்மா.”

ரோஹ்தக் பக்கம் ஏதோ கிராமத்து எஸ்.டி.டி. பூத். “கோதுமை அறுத்த வயல்ல இறக்கிட்டேன்மா. முன் சக்கரம் போச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல.” அவள் அழவில்லை. நான்தான் ஆபீஸ் என்றும் பாராமல் ஓவென்று அழுதேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

இன்றுதான் வாயைத் திறந்தாள். எஞ்சின் நின்றதும் காற்றின் இரைச்சல் மட்டும்தானாம். பெரிய வயலாகப் பார்த்துத் திருப்பியிருக்கிறாள். ரொம்பத் தாழ வந்த பிறகுதான் குறுக்கே மின்கம்பி தெரிந்திருக்கிறது. பக்கத்து வயலுக்குச் சாய்த்துக் கொண்டுபோய், வரப்பில் இடித்து நின்றிருக்கிறாள். கதிர் அறுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்து மோர் கொடுத்தார்களாம்.

“கம்பிய நான் பாக்கவே இல்லம்மா. நான்!” இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாள்.

ஏப்ரல் 27

கிளப் பக்கமே போகவில்லை. நல்லது.

மே 4, ஞாயிறு

கேப்டன் வீட்டுக்கே வந்துவிட்டார். எஞ்சினுக்குள்ளே வால்வு உடைந்ததற்கு அவள் என்ன செய்வாள், முழுசாக இறங்கினாளே, நாள் தள்ளத் தள்ள பயம் இறுகிப் போகும், அனுப்பி வையுங்கள் என்றார். சிந்து அறையை விட்டு வெளியே வரவில்லை. கம்ப்யூட்டர் கோர்ஸ் சேரப் போகிறாளாம்.

அவர் போனதும் இவர் கேட்டார்: “இப்ப ஒனக்குச் சந்தோஷம்தான?”

ஆமாம். மலை மந்திர் முருகனிடம் நான் வேண்டிக்கொண்டது இதைத்தானே? அப்புறம் ஏன் எனக்குச் சோறு இறங்கவில்லை? கதவு காற்றில் அடித்தால்கூட திடுக்கிடுகிறாள். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்கிறாள். பறக்க வேண்டாம் என்றுதான் கேட்டேன். இப்படி ஒரு பெண்ணை நான் கேட்கவில்லையே.

மே 11, ஞாயிறு

மறுபடி செல்வி வீடு. பஸ்ஸில் சிந்து ஜன்னலோரம் வேண்டாம் என்று என்னை உள்ளே தள்ளினாள். புசா வயல்கள் வந்தன. அறுவடை முடிந்து வெறும் கட்டாந்தரை. அவள் தன் மடியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. “ஏட்டி, இதுல இறக்கலாமா?” என்றேன்.

அடுத்த வயலைக் காட்டினேன்.

“இந்தா, இது நல்லாப் பெருசா இருக்கு. இதுல?”

என்மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தாள். “அம்மா! கம்பி போகுது, தெரியலையா? மூணு கம்பி! எல்லாரையும் கொன்னுருவ நீ.”

“அப்ப எங்கதான் இறக்க?”

என் தோளுக்கு மேலாக எட்டி வெளியே தேடினாள். பிறகு, “தள்ளு, நான் அங்க உக்கார்றேன்” என்றாள்.

எழுந்து இடம் மாறிக்கொண்டேன். நானா இது? எனக்கே தெரியவில்லை.

மே 14, புதன்

காலையில் சிந்து கிளப்புக்குப் போயிருக்கிறாள். ஆபீஸ் ஃபோன் அடித்தால் என்னை எடுக்கச் சொல்லாதே என்று சியாமளாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.